நான் வரைந்த கெட்டில்

காலையில் பட்டறைக் கதவைத் திறந்ததும் சுண்ணாம்பு வாசனை. வார்டு தேர்தலுக்காக எதிரே இருக்கும் நீண்ட மதிலுக்கு இரண்டு பேர் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதம் முன்பே அதன் மூலையில் ஒரு கட்சிக்காரர்கள் தங்கள் பெயரை எழுதி, பக்கத்தில் 'புக்ட்' என்று மலையாளத்தில் கிறுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். இந்த ஊரில் கல்யாண மண்டபத்தைவிட மதிலுக்குத்தான் முதலில் முன்பதிவு என்று நீ சொல்வாய். போன வார்டு தேர்தல் சமயத்தில் நான் நாகர்கோவிலில் தங்கை வீட்டில் இருந்தேன், பட்டறை பூட்டிக் கிடந்தது. அதனால் வார்டு தேர்தலோடு வரும் இந்த வாசனையை நான் முகர்ந்து பத்து வருஷம் ஆகிறது. பள்ளிக்கூட பேட்ஜ் ஒரு கட்டு தைத்து முடிக்க வேண்டியிருந்தும் கை ஓடவில்லை. எம்ப்ராய்டரி மெஷினுக்கு உறையைப் போட்டுவிட்டு, உனக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு வருஷமாக எழுத நினைத்தது இது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குக் கிடைக்கும். நீ உயிரோடு இருந்தபோது நேரில் சொல்லாததை நீ போன பிறகு காகிதத்தில் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று என்னையே நான் மடக்கிக்கொள்வேன். சண்டையில் உன்னை ஜெயிக்க முடியாதபோது நான் பேசுகிற மாதிரித்தான், என்னிடமும் பேசிக்கொண்டேன்.

நாம் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நீ ஸ்ரீவராகத்து அக்ரஹாரப் பெண். நான் நாகர்கோவில் கோட்டாற்றிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து சாலைக் கடைத்தெருவில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தவள். பிறகு நீ கோட்டைப் பக்கத்து அரசு அலுவலகத்தில் தபால் பிரிவுக்குப் போனாய். நான் சாலைக் கடைத்தெருவிலேயே இந்த மாடி அறையை எடுத்து, பேட்ஜ், கேடயம், கொடி, சங்கத்துச் சின்னம் என்று வரைந்தும் தைத்தும் கொடுக்க ஆரம்பித்தேன். மத்தியானம் டிபன் பாக்ஸோடு நீ மாடியேறி வருவாய். சாப்பிட்டதும் பையிலிருந்து பழைய உறைகளை எடுத்து என் மேசையில் பரப்புவாய். உன் அலுவலகத்துக்கு வந்த கடிதங்களின் உறைகள் அவை. தூக்கிப் போடுவதற்கு முன்னால், மூலையில் சின்னம் அச்சடித்தவற்றை எல்லாம் எனக்காகக் கிழித்து வைத்திருப்பாய்.

"இதப் பாருடி, சர்க்கார் முத்திரை. ரெண்டு யானை, நடுவில சங்கு. இது வந்தா தூங்கிண்டிருக்கறவாளும் எழுந்துக்கணும். அதிகாரச் சின்னமாக்கும்" என்பாய். துணிக்கடை உறையைக் காட்டி, "இது வாங்கோ வாங்கோன்னு கையப் பிடிச்சு இழுக்கறது" என்பாய். கிளப், பள்ளிக்கூடம், சங்கம் என்றால் அதை வேறு அடுக்கில் வைப்பாய். நாங்கள் எல்லாம் ஒன்று, நீ வேறே என்று சொல்கிற சின்னங்கள் அவை என்பது உன் கணக்கு. ஆஸ்பத்திரிச் சிலுவைக்கும், தெருமுனையில் அம்புக்குறி போட்ட பலகைக்கும் தனி மரியாதை. "இதுகள் பெருமை பேசறதில்லை பாரு. வழியைச் சொல்லிட்டுச் சும்மா நிக்கறது" என்றாய் ஒருநாள். படிப்பில் இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர் உண்டு, நான் ஓவியப் பட்டயப் படிப்பில் மனப்பாடம் செய்திருக்கிறேன். உன் அடுக்குகள்தான் எனக்கு வேலைக்கு உதவின.

ஒரு குடியிருப்போர் சங்கத்துக்காரர் வந்தது நினைவிருக்கிறதா? ஒரே வட்டத்துக்குள் தென்னை மரம், படகு, கோபுரம், கம்ப்யூட்டர், கைகுலுக்கும் கைகள், உதயசூரியன், புறா எல்லாம் வேண்டும் என்றார். அவர் படி இறங்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டிருந்தாய். பிறகு, "பாவம், சங்கத்துக்காரா எல்லாரும் குடியிருக்க எடம் வேண்டாமா?" என்று சொல்லிச் சிரித்தாய். சிரித்து முடித்ததும் நீ சொன்ன ஒரு வாக்கியத்தை நான் பாராட்டக்கூடச் செய்தேன். "சின்னம்னா, கண்ணாடிய வீட்ல மறந்துட்டு வந்தவாளுக்கும் தெரியணும்."

பாராட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

உன் தெருவுக்குப் பின்னால் போகும் ஓடை உன்னை விட்டதே இல்லை. சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டு அதன் வாயைக் குறுக்கிவிட்டார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் வீடுகளுக்குள் வரும். எத்தனை மனு எழுதினாய்! "தபால் பிரிவுல இருந்தவ நான். என் மனு எந்த அலமாரில தூங்கறதுன்னு போனா எடுத்தே தருவேன்" என்று சொல்வாய். ஐம்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றாய். உங்கள் வார்டு அந்தத் தடவை பெண்களுக்கு என்று அறிவித்தார்கள். மறுநாள் மத்தியானம் மாடியேறி வந்து, மூச்சு வாங்க நின்று, "சுயேச்சையா நிக்கப் போறேன்டி. ஒரே ஒரு விஷயத்துக்கு. ஓடைய வெட்டி அகலமாக்கணும். அது முடிஞ்சா வீட்டுக்கு வந்துடுவேன்" என்றாய். நான் கேலி செய்தேன். ஆனால் உன் கண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். உனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அதை நான் தெரியாது என்று சொல்லவே முடியாது.

தேர்தல் சின்னமாக நீ கேட்ட குடை கிடைக்கவில்லை, மணியும் கிடைக்கவில்லை. மூன்றாவதாக எழுதிக் கொடுத்திருந்த கெட்டில் கிடைத்தது. தேர்தல் அதிகாரி கொடுத்த சின்னப் பட்டியலின் நகலை என் மேசையில் வைத்தாய். சின்னச் சின்னக் கட்டங்களில் கறுப்புக் கோட்டுப் படங்கள். கெட்டில் குள்ளமாக, வயிறு பெருத்து, தலைக்கு மேல் ஒரு வளையக் கைப்பிடியோடு இருந்தது. டீக்கடையில் கரி பிடித்து உட்கார்ந்திருக்குமே, அதே கெட்டில். "இதையா சுவரிலே போடப் போறோம்?" என்றேன். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. முப்பது வருஷம் சின்னம் வரைந்தவள், என் சிநேகிதி நிற்கிற தேர்தலில், யாரோ ஒரு குமாஸ்தா வரைந்த படத்தையா ஒட்டுவது?

"தேர்தல் சின்னத்துக்கு அர்த்தமே கெடையாதுடி. எங்க இருக்குன்னு தெரிஞ்சா போரும்" என்று நீ சொன்னாய். அப்போது நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, அதற்கு மேல் போகவில்லை.

நான் என்ன வரைந்தேன் என்று உனக்குத் தெரியும். உயரமான, ஒடுங்கிய உடல். அன்னத்தின் கழுத்தைப் போல வளைந்த மூக்கு. மேலே இருந்த கைப்பிடியை எடுத்துவிட்டுப் பின்பக்கம் ஒரே வீச்சில் இழுத்துவிட்டேன். கையை எடுக்காமல் ஒரே கோட்டில் முழுக் கெட்டிலும் வந்துவிட்டது. அன்று ராஜா மாதிரி இருந்தேன். நீ அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாய், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாய்.

"அழகா இருக்குடி. ரொம்ப அழகு. ஆனா இது கெட்டில்தானாக்கும்?"

"ஏட்டி, பாக்கத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்றேன்.

நீ கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைச் சுருட்டினாய். ஸ்ரீவராகம் முழுக்க என் கெட்டில்தான். மதிலில், நோட்டீஸில், உன் பக்கத்து வீட்டுப் பெண்கள் சேலையில் குத்திக்கொண்ட பேட்ஜில். கட்சிக்காரர்களே வந்து, யார் வரைந்தது என்று விசாரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாக்குப்பதிவு அன்று பள்ளிக்கூடத்துக்கு வெளியே, எல்லைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், நம் மேசையில் நான் இருந்தேன். என் வோட்டு அப்போது கோட்டாற்றில் அம்மா வீட்டு விலாசத்திலேயே கிடந்தது. அதனால் நான் உள்ளே போகவில்லை, மெஷினைப் பார்க்கவுமில்லை. நீ ஏழு மணிக்கு வரிசையில் முதல் ஆளாக நின்று வோட்டுப் போட்டுவிட்டு ஏழேகால் மணிக்கு வெளியே வந்தாய். நேராக மேசைக்கு வந்து, "படத்தச் சொல்லாண்டாம். அஞ்சாவது பட்டன், அஞ்சாவது பட்டன்னு நம்பரை மட்டும் சொல்லுங்கோ" என்றாய். முகத்தில் சிரிப்புதான் இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து நாள் ராத்திரி பகலாக வரைந்தது எதற்கு? நீ அடுத்த பூத்துக்குக் கிளம்பியதும், வந்தவர்களிடம் எல்லாம் நான் எதிர் மதிலைக் கைகாட்டி, "அந்தப் படத்தைப் பாத்துக்கிடுங்க, அதேதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன் பேச்சை மீறுகிறோம் என்று தெரிந்தே சொன்னேன்.

பன்னிரண்டரை மணிக்கு உங்கள் தெரு இஸ்திரிக் கடைக்காரர் வந்தார். திருநெல்வேலிக்காரர், மலையாள எழுத்துப் படிக்கத் தெரியாதவர், உனக்காகத் தன் வண்டியில் நோட்டீஸ் கட்டிக்கொண்டு அலைந்த மனிதர். விரலில் மையைக் காட்டிக்கொண்டு சந்தோஷமாக நின்றார்.

"எக்கா, நீங்க சொன்ன மாதிரியே படத்தைப் பாத்துக் குத்திட்டேன். நெட்டையா, பக்கத்துல கைப்பிடியோட. மூணாவது பட்டன்."

"மூணாவதா?"

"ஆமா. அஞ்சாவதுல ஒரு டீக்கடைக் கெட்டிலு இருந்துச்சு. அது நம்மளுது இல்லல்லா? வீட்ல இருக்கவளும் மூணாவதுதான் குத்தியிருக்கா."

மூன்றாவது இடத்தில் ஒரு பெண்மணி இருந்தார். பெயர் கொடுத்ததோடு சரி, ஒரு நோட்டீஸ்கூட அடிக்காத சுயேச்சை. அவருடைய சின்னம் ஜக்கு. தண்ணீர் ஜக்கு. மேசை இழுப்பறையில் இருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நெட்டையான உடல், முன்னால் ஒரு மூக்கு, பின்பக்கம் கைப்பிடி. என் கெட்டில் அங்கே இருந்தது, வேறொருத்தியின் பெயருக்குப் பக்கத்தில்.

இந்த இடத்துக்கு வரத்தான் இத்தனை பக்கம் எடுத்துக்கொண்டேன். அப்போது மணி பன்னிரண்டரை. ஐந்து மணி வரை வோட்டு. சாப்பாட்டுக்குப் பிறகுதான் உங்கள் தெருவில் பாதிப் பேர் வருவார்கள். உனக்கு ஒரு போன் செய்திருந்தால் போதும். வீடு வீடாக ஆள் அனுப்பியிருப்பாய். நான் போனைக் கையில் எடுத்தேன். உன் பெயரைத் தேடியும் வைத்தேன். என்ன சொல்வது? என் கெட்டில் ஜக்காகிவிட்டது என்றா? கட்சிக்காரர்கள் பாராட்டிய படம் உனக்கு எதிராக வோட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது என்றா? போனை உள்ளே வைத்தேன். இஸ்திரிக்காரரிடம், "சரி, யார்கிட்டயும் சொல்லாதீங்க, பேசாம போங்க" என்றேன். மதிலைக் கைகாட்டுவதை நிறுத்திக்கொண்டு நானும் அஞ்சாவது பட்டன் என்று முனகினேன். மேசைக்கு வந்த சிலருக்கு அது கேட்டிருக்கும். மேசைக்கு வராமல் நேரே உள்ளே போனவர்கள்தான் அதிகம். எல்லாம் வெட்கம். வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

நீ தோற்றது இருபதுக்கும் குறைவான வோட்டில். அந்த ஜக்குப் பெண்மணி வாங்கியது அதைப் போலப் பல மடங்கு. எண்ணிக்கை முடிந்து ஆட்டோவில் வந்தோம். கிள்ளிப்பாலம் சிக்னலில் ஆட்டோ நின்றபோது நீ கேட்டாய்.

"அந்த மூணாம் நம்பர் யாருன்னே ஊருக்குத் தெரியாது. எப்படிடி அவாளுக்கு இத்தனை விழுந்தது?"

"இந்த ஊர் ஜனங்க அப்படித்தான், போ" என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். "சரி" என்றாய். சிக்னல் விழுந்தது. அதன் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. அடுத்த வாரம் வழக்கம்போல டிபன் பாக்ஸோடு வந்தாய். ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பேட்ஜ் வேண்டும் என்று எனக்கே வேலை வேறு பிடித்துக் கொடுத்தாய்.

ஓடை அப்படியே கிடந்தது. இரண்டு வருஷம் கழித்து வந்த ஐப்பசியில் முழங்கால் வரை தண்ணீர். நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடைப்பக்கட்டையால் ஓடை வாயில் அடைத்த குப்பையைக் குத்தி எடுத்தாயாம். உன் மகள் சொன்னாள். உன் பாதவெடிப்பைப் பற்றி நான் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன். ஒரு வாரத்தில் காய்ச்சல், பிறகு கண்ணில் மஞ்சள். எலிக்காய்ச்சல் என்றார்கள், அழுக்குத் தண்ணீரில் நின்றால் கால் வெடிப்பு வழியாக ஏறுமாம். ஆஸ்பத்திரியில் நான் பார்த்த மத்தியானம் நீ நன்றாகத்தான் பேசினாய். கஞ்சியில் உப்பில்லை என்று குறை சொன்னாய். இப்போது சொல்லிவிடலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். "தூக்கம் வரதுடி. நாளைக்கு வாயேன்" என்றாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதி. அன்று சாயங்காலம் உன்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள்.

நீ ஜெயித்திருந்தால் மட்டும் ஓடையை வெட்டியிருப்பார்கள் என்று யார் கண்டது? கவுன்சிலர் ஆனவர்கள் எல்லாரும் நினைத்ததையா செய்து முடிக்கிறார்கள்? அந்தக் கிருமி எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. எனக்கு இந்த வாதம் எல்லாம் அத்துப்படி. வக்கீல் மாதிரி எனக்காக நானே பேசிப் பேசித் தேறிவிட்டேன். வழக்குத்தான் தீரவில்லை.

நீ போன பிறகு வோட்டர் பட்டியலில் என் பெயரை இந்த ஊருக்கு மாற்றிக்கொண்டேன். அடுத்து வந்த பெரிய தேர்தலில்தான் இங்கே முதன்முதலாக வோட்டுப் போட்டேன். அட்டை மறைப்புக்குப் பின்னால், மெஷினில் வரிசையாகக் கறுப்புப் படங்கள். குனிந்து பார்த்தேன். கை பட்டனுக்குப் போகவில்லை. வேட்பாளரும் வோட்டுப் போடுவார் என்பது என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. உன் தேர்தலன்று காலை ஏழு மணிக்கு நீ இப்படித்தானே குனிந்திருப்பாய். ஜக்கும் கெட்டிலும் ஒரு சாணுக்குள் இருந்திருக்கும். பார்த்த நிமிஷமே உனக்கு விளங்கியிருக்கும். அதனால்தான் வெளியே வந்ததும் நம்பரை மட்டும் சொல்லச் சொன்னாய். எல்லார் முன்னாலும், உன் படம் தப்புடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பாய் என்றுகூட நினைக்கிறேன். என் முகம் வாடிவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். ஆட்டோவில் கேட்டதும் பதில் தெரியாமல் கேட்டதில்லை. நான் சொல்வதற்கு ஓர் இடம் விட்டுப் பார்த்திருக்கிறாய். பின்னால் நின்றவர் இருமினார். ஏதோ ஒரு பட்டனை அழுத்திவிட்டு வெளியே வந்து, பள்ளிக்கூடத்துக் குழாயடியில் நின்று அழுதேன்.

இதுவரை எழுதியபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்து போய், வந்தவளை அனுப்பிவிட்டு இப்போதுதான் மறுபடி பேனாவை எடுக்கிறேன். வந்தவள் உங்கள் வார்டில் நிற்கிறாள். நம்மைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும், தையல் கடை வைத்திருக்கிறாள். சுயேச்சை. உன் ஓடையைத்தான் அவளும் பிடித்திருக்கிறாள். மேசை விசிறி அவள் சின்னம். பட்டியல் நகலை நீட்டி, "சேச்சி, இது நல்லா வரஞ்சு தரணும்" என்றாள்.

நான் அதன்மேல் டிரேசிங் தாளை வைத்து, கோட்டுக்குக் கோடு அப்படியே எடுத்தேன். அந்த விசிறியின் கால் கொஞ்சம் கோணல். கோணலையும் எடுத்தேன்.

"எந்தா சேச்சி, அப்படியே எடுத்துட்டீங்க? இங்க வந்தா நல்ல டிசைன் கிடைக்கும்னாங்களே."

உட்காரச் சொல்லி அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கெட்டில், ஜக்கு, பன்னிரண்டரை மணி, போனை எடுத்து வைத்தது, எல்லாம். யாரிடமும் சொல்லாததை, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருத்தியிடம் சொன்னேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கோணல் விசிறியைப் பத்திரமாகச் சுருட்டிக்கொண்டு எழுந்தவள் வாசலில் நின்று கேட்டாள்.

"அந்தச் சேச்சி உங்களை ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா" என்றேன். "காலையில ஏழேகாலுக்கே சொன்னா. நான் கோவிச்சுக்கிட்டேன்."